காசில்லாப் பயணமும் கடன்பட்ட பயணமும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள், கோயில் அன்னதானத்துக்கு வேண்டிய காய்கறிகளை வாங்கும் பொருட்டு மாத்தளையிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்குப் புறப்பட்டேன். முன்னர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது சொந்தமாக லொறி ஓட்டுகிறார். பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம் என்று அவர் வற்புறுத்தவே, அவருடைய லொறியின் முன்னாசனத்தில் ஏறிக்கொண்டேன். அலுவிகாரையைத் தாண்டியதும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வீதியின் இருமருங்கிலும் வரிசையாக வரும். அவற்றுள் ஒன்றின் நிழலில், முதுகிலே பெரிய மூட்டை ஒன்றைச் சுமந்தபடி வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் நின்றான். எங்கள் வண்டியைக் கண்டதும் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

"சேர், ஏத்திக்கிடுவமா?" என்று கேட்டார் சாரதி.

"இடம் இருக்கிறதே, ஏற்றிக்கொள்ளலாம்" என்றேன்.

அவன் ஜெர்மன் தேசத்தவன். இருபத்துமூன்று வயது. வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஐந்து மாதங்களாகின்றனவாம். பஸ்ஸிலும், மூன்றாம் வகுப்பு ரயிலிலும், இவ்வாறு வழியிலே வாய்க்கும் வண்டிகளிலும் நாடு நாடாகத் திரிகிறான். வழியோரச் சோற்றுக்கடைகளில் உணவு. வாடகை குறைந்த அறைகளில் உறக்கம். சிகிரியாக் குன்றைப் பார்க்கப் போவதாகவும், வெளிநாட்டாருக்குரிய நுழைவுச்சீட்டு ஒன்றே தன்னுடைய மூன்று நாட் செலவை விழுங்கிவிடும் என்றும் கூறிச் சிரித்தான். "இதுவரை யாரும் உன்னை ஏற்ற மறுத்ததில்லையா?" என்று கேட்டேன். "இந்த நாட்டில் பத்து நிமிடத்துக்குமேல் நான் நின்றதே இல்லை" என்றான்.

அந்த விடை என் மனத்தில் தைத்தது. அதற்கு ஒரு காரணம் என் வீட்டில் இருந்தது. மற்றொரு காரணம் நாங்கள் சென்றுகொண்டிருந்த அந்த வீதியிலேயே இருந்தது.

வீட்டில் எழுந்த வழக்கு

என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறையில் தோழியர் இருவருடன் இந்தியாவுக்குப் போய்வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. விமானத்தில் அன்று, குறைந்த செலவில், தரைவழியாகவும் கடல்வழியாகவும். மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல். அங்கிருந்து இரண்டாம் வகுப்பு ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ். முடிவில் நீலகிரியிலுள்ள கூடலூர். கூடலூரில் அவளுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என் பாட்டனாரின் தம்பி குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

1964ஆம் ஆண்டில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு அரசாங்கங்களும் தீர்மானித்தன. ஒரே வீட்டில் அண்ணன் இந்நாட்டவராகவும் தம்பி அந்நாட்டவராகவும் பிரிந்த கதை எங்கள் குடும்பத்திலும் நிகழ்ந்தது. சின்னப்பாட்டனார் தலைமன்னாரில் கப்பலேறினார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் அவருக்கு வேலை கிடைத்தது. தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றுபோயிற்று. அதன்பின் கடிதங்கள் வந்தன, கடிதங்களும் குறைந்தன. மகள்தான் கைத்தொலைபேசி வாயிலாக அந்த உறவைத் தேடிப் பிடித்தாள்.

அவளுடைய திட்டத்தைக் கேட்டதும் என் மனைவி, "பொம்பளப் புள்ளைங்க மூணு பேரும் தனியா, தெரியாத ஊர்ல, கையில காசும் இல்லாம... என்னங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். மகளோ, "அப்பா, வெள்ளைக்காரப் பிள்ளைகள் உலகம் முழுவதும் இப்படிப் போகிறார்கள். நாம் நம்முடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக்கூடாதா?" என்றாள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாரத்தைக் கழித்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் இந்த லொறிப் பயணம் வாய்த்தது.

குறைந்த செலவில் உலகம்

சிக்கனமாக ஊர் சுற்றுதல் இக்காலத்து இளைஞர் கண்டுபிடித்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

ஜெர்மன் நாட்டில் றிச்சர்ட் ஷிர்மான் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாணவரை நடைப்பயணமாக அழைத்துச் செல்வது அவருக்கு வழக்கம். 1909ஆம் ஆண்டில் ஒரு பயணத்தின்போது பெரும் புயலும் மழையும் வந்து வழிமறித்தன. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். விடுமுறைக் காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை நடந்து செல்லும் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் உதித்தது. 1912இல் ஆல்தேனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் நிலையான இளைஞர் விடுதி உருவாயிற்று. இன்று உலகெங்கும் பரவியுள்ள இளைஞர் விடுதி இயக்கத்தின் வித்து அதுவே. அந்த வித்தை இட்டவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவை வந்தடைந்தனர். சிலர் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தனர். 1972இல் அவ்வழியே புறப்பட்ட தோனி வீலரும் மனைவி மொறீனும் தம் அனுபவத்தை அடுத்த ஆண்டிலே சிறு நூலாக வெளியிட்டனர். அதிலிருந்தே 'லோன்லி பிளானற்' என்னும் பெரும் வழிகாட்டி நூல் நிறுவனம் எழுந்தது. 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் படையெடுப்பும் நிகழவே அந்தத் தரைவழி அடைபட்டது.

இந்தியரும் இதில் பின்தங்கியவரல்லர். 1962இல் சதீஷ் குமார், ஈ. பி. மேனன் என்னும் இருவர் புதுடில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினர். அணுகுண்டுக்கு எதிராகச் சமாதானச் செய்தியைச் சுமந்து மொஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்றனர். கையில் ஒரு காசும் கொண்டுபோகாதீர்கள் என்பது அவர்களுக்கு வினோபா பாவே கூறிய புத்திமதி. பணம் இருந்தால் விடுதியைத் தேடுவாய். பணம் இல்லாவிட்டால் மனிதரைத் தேடுவாய் என்பதே அதன் உட்பொருள் எனலாம். தமிழரிடையே ஏ. கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' என்றே பெயர் பெற்றார். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைச் சேகரிக்க நாடு நாடாக அலைந்து, 1940இல் அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக வெளியிட்டவர் அவர்.

நம் நாட்டிலேயே இத்தகைய பயணம் மரபாக இருந்துவருகிறது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செய்வோர், கிழக்குக் கரை வழியாக வாரக்கணக்கில் நடக்கின்றனர். ஊரார் இடும் உணவே அவர்களுக்கு வழிச்சாதம். தமிழ் ஊர்களில் மடமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும், சிங்கள ஊர்களில் அம்பலமும் வாசலில் வைத்த நீர்க்குடமும் இத்தகைய வழிப்போக்கருக்காகவே எழுந்தன. சுமைதாங்கிக் கல்லில் சுமையை இறக்கி வைப்பவனிடம் யாரும் அவனுடைய ஊரையும் குலத்தையும் கேட்டதில்லை.

நாங்கள் போய்க்கொண்டிருந்த வழியிலேயே இதற்குப் பழஞ்சான்று ஒன்றுண்டு. சிகிரியாவில் கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னும் அங்கு வந்த பயணிகள் தம் மனத்தில் தோன்றியவற்றைப் பாட்டாக்கிக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைத் தொல்பொருள் அறிஞர் செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். ஊர் பார்க்கும் ஆசை எந்தக் காலத்திலும் மனிதனை விட்டதில்லை என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

அதே வீதி, வேறு கால்கள்

நாலந்தாவை நெருங்கியபோது அந்த ஜெர்மன் இளைஞன், "இந்த வீதி மிகப் பழையதோ?" என்று கேட்டான். வழியோர விகாரைகளையும் பெரிய மரங்களையும் கண்டு கேட்டிருப்பான். நான் உடனே விடை கூறவில்லை. எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டியில் தொடங்கி மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை, மிகிந்தலைப் பக்கம், மதவாச்சி, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வீதி இது. இதே வழியாகத்தான் நம் மூதாதையர் மலைநாட்டுக்கு வந்தனர். ஆனால் அவர்கள் எதிர்த்திசையில், வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்தனர்.

1820களில் கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளில் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்தவர்களைக் கங்காணி என்பவர் கூட்டமாகச் சேர்த்து அழைத்துவருவார். சிறு தோணியிலும் கப்பலிலும் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே ஏறக்குறைய 150 மைல் நடந்தால் மாத்தளை. மாத்தளைக்கு வந்த பின்னரே கூட்டம் கூட்டமாகப் பிரிந்து அவரவர் தோட்டத்துக்குச் செல்வர். கோப்பிக் காலத்தில் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்து, வேலை முடிந்ததும் வந்த வழியே நடந்து ஊர் திரும்பினர். 1869இல் கோப்பியைப் பூஞ்சண நோய் பற்றிக்கொண்டது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தமையால், வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினர்.

அந்த வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் மக்களை வாரிக்கொண்டு போயின. 1840களில் மாத்திரம் 70,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குக் கூறியது. அது மிகை என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். எண்ணிக்கை எதுவாயினும், வழியிலே விழுந்தவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றையோர் நடக்கவேண்டியிருந்தது என்பதை மறுப்பாரில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் இடையிடையே கொட்டகையும் கிணறும் அமைத்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. பின்னர் தூத்துக்குடி–கொழும்பு வழியும் மண்டபம் முகாமும் ஏற்படவே, அந்தக் காட்டுவழி மெல்ல மெல்ல மறைந்தது.

என் பூட்டனார் தம் தாயின் இடுப்பிலிருந்தபடி அந்த வழியே வந்தவர். அப்பொழுது அவருக்கு வயது ஒன்றோ இரண்டோ. அவருடைய அண்ணன் ஒருவனும் கூட வந்தானாம். தம்புள்ளைக்கு இப்பால் எங்கோ ஓரிடத்தில் அவன் நின்றுவிட்டான் என்பார் பாட்டனார். 'இறந்துவிட்டான்' என்று சொல்லமாட்டார், 'நின்றுவிட்டான்' என்பார். எனக்குச் சிறுவயதில் அந்தச் சொல்லின் பொருள் விளங்கவில்லை. அவன் அங்கே எவரோடேனும் தங்கிவிட்டான், ஒருநாள் வருவான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளைக்கு வந்தோர் முதலில் தேடியது அம்மனைத்தான். இன்று 108 அடி இராசகோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில், மரத்தடியிலிருந்த சிறு சிலையாகத் தொடங்கியது என்பர். வயல் நிலத்தை அதன் சொந்தக்காரர் 1852இல் அளிக்க, நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பொருளுதவியால் 1874இல் கோயில் எழுந்தது. 1983இல் அது எரிக்கப்பட்டதையும், மீண்டும் எழுந்து மாசிமகத்தில் ஐந்து தேர் ஓடுவதையும் மாத்தளையார் அறிவர். மைல் கணக்கில் காட்டைக் கடந்து வந்த கால்கள் முதன்முதலாக இளைப்பாறிய இடம் என்று எண்ணும்போது, எனக்கு அந்தக் கோபுரத்தின் உயரம் பெரிதாகத் தோன்றுவதில்லை. அந்த மரத்தின் நிழலே பெரிதாகத் தோன்றுகிறது.

செலவு எவருடைய கணக்கில்?

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். அந்த ஜெர்மன் இளைஞனும் சிக்கனமாகப் பயணம் செய்கிறான். என் பூட்டனாரின் தாயும் அதைவிடச் சிக்கனமாகவே பயணம் செய்தாள். அவளுக்கு வண்டிச் சத்தம் இல்லை, விடுதி வாடகை இல்லை, உணவு பிடியரிசி. ஆனாலும் அவள் மாத்தளையை அடைந்தபோது கடனாளியாக இருந்தாள். ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், தோணிக்கூலி, வழியிலே வாங்கித் தந்த அரிசி, போர்த்திக்கொள்ளத் தந்த கம்பளி ஆகிய யாவும் அவள் பேரில் எழுதப்பட்டிருந்தன. அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போகமுடியாது. வேறு தோட்டத்துக்குப் போவதாயின், கடனை அந்தத் தோட்டத்தார் தீர்த்தாலன்றி விடுவதில்லை என்று துரை ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பார். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அம்முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது.

ஒருவன் காசில்லாமல் பயணம் செய்து, பார்த்த ஊர்களையும் பழகிய மனிதரையும் செல்வமாக ஈட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். மற்றொருத்தி காசில்லாமல் பயணம் செய்து கடனை ஈட்டிக்கொள்கிறாள். வீடு திரும்பவும் முடிவதில்லை. இருவரும் நடந்தது ஒரே வீதியில். திரும்பிப்போகும் உரிமை ஒருவனிடம் இருந்தது, மற்றவளிடம் இல்லை. பயணம் என்பதும் இடப்பெயர்வு என்பதும் இங்கேதான் வேறுபடுகின்றன.

அது மட்டுமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அவ்வாறு வந்து தலைமுறைகளாக உழைத்தவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் பிறந்த நாட்டிலேயே அந்நியராக இருந்தனர். அந்நியநாட்டில் குறைந்த செலவில் வாழ்வது எப்படி என்பதை உலகத்தாருக்கு யாரேனும் கற்பிக்க வேண்டுமாயின், அவர்களே கற்பிக்கலாம்.

2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டமைப்பினர் அந்தப் பழைய வழியை மீண்டும் நடந்தனர். ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் கடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவு செய்தனர். வேலை நாளில் நான் பள்ளியில் இருந்தேன்; கடைசி நாளில் மாத்திரம் சிறிது தூரம் உடன் நடந்தேன். புதிய காலணியோடு மூன்று மைல் நடந்த எனக்கு இரண்டு நாள் கால் வலித்தது.

இதையெல்லாம் அந்த இளைஞனுக்கு என்னால் இயன்ற அளவு கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. தம்புள்ளையில் இறங்கும்போது சாரதியிடம் பணம் நீட்டினான். அவர் வாங்க மறுத்துவிட்டார். அவன் கைகூப்பி வணங்கிவிட்டுச் சிகிரியா பஸ்ஸைத் தேடிப் போனான்.

திரும்பும் வழியில்

மாலையில் கத்தரி, பூசணி, வெங்காய மூட்டைகளோடு திரும்பினோம். நாவுலையைத் தாண்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீதியோரத்தில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் துணிப்பையும் ஒரு சிறு மூட்டையுமாக நின்று கையை அசைத்தார். எங்களுக்கு முன்னே சென்ற மூன்று வாகனங்கள் நிற்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன்: நான் ஓட்டியிருந்தால் நானும் நின்றிருக்கமாட்டேன். களைப்பும் இருந்தது, இருட்டும் வந்துகொண்டிருந்தது. சாரதி நிறுத்தினார்.

அம்மையார் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "மாத்தளைக்கு எவ்வளவு கேப்பீங்க தம்பி?" என்று கேட்டார்.

"காசு வேணாம் ஆத்தா, ஏறுங்க."

"இல்லப்பா, முதல்லயே சொல்லிப்புடு. பொறவு கேட்டியன்னா எங்கிட்ட இல்ல."

மூன்று முறை வேண்டாம் என்று சொன்ன பிறகே ஏறினார். நாவுலையில் மணமுடித்துக் கொடுத்த பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் தவறிவிட்டதாம். மாத்தளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஐம்பது வருடம் கொழுந்தும் றப்பரும் என்று உழைத்தவர். ஒன்றரை மணி நேரமாக அங்கே நின்றதாகச் சொன்னார்.

அவரை இறக்கிவிட்டு வரும்போது சாரதி கேட்டார்: "காலையில அந்த வெள்ளைக்காரப் பொடியன் காசைப் பத்தி ஒண்ணும் கேக்காமலே ஏறிட்டான். இந்த ஆத்தா மட்டும் ஏன் சேர் மொதல்ல வெலய கேக்குது?"

விடை எனக்குத் தெரிந்திருந்தது. நான்கு தலைமுறையாக, இலவசம் என்று கொடுக்கப்பட்ட ஒவ்வொன்றும் பின்னர் கணக்குப் புத்தகத்தில் கடனாக எழுதப்பட்டதைக் கண்ட குடும்பத்துப் பெண் அவர். கம்பளியும் அரிசியும் அவ்வாறே எழுதப்பட்டன. அவரோ கேட்டுவிட்டு ஏறுகிறார். பத்து நிமிடத்துக்குமேல் நிற்காத இளைஞனுக்கும், ஒன்றரை மணி நேரம் நின்ற அம்மையாருக்கும் இடையிலுள்ள தூரம் எத்தனை மைல் என்று யோசித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். அந்நியனுக்கு வண்டியை நிறுத்துவது நல்லது. அதே கை, நம் அயலிலே உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு நிறுத்தாமற் போனால், நம்முடைய விருந்தோம்பலில் ஏதோ கோணல் இருக்கிறது.

மகளுக்குக் கூறியவை

அன்றிரவு உணவுக்குப் பின் மகளையும் மனைவியையும் அழைத்து என் முடிவைத் தெரிவித்தேன். போகலாம் என்றேன். மனைவியின் முகம் வாடியது. ஆதலால், சில நிபந்தனைகளையும் கூறினேன். இத்தகைய ஆசை தம் பிள்ளைகளுக்கும் எழுந்திருக்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சிக்கனம் வேறு. துணிச்சல் என்ற பெயரில் அசட்டை வேறு. முன்பின் தெரியாதவரின் வண்டியில் கைகாட்டி ஏறும் பழக்கம் அந்த ஜெர்மன் இளைஞனுக்கு வாய்த்தது போல எல்லாருக்கும் வாய்க்காது. பெண்களுக்கு அது தக்கதன்று. உலகம் அப்படி இருக்கக்கூடாதுதான். ஆயினும் இருக்கிறது. பஸ்ஸும் ரயிலும் உள்ள வழியில் அவற்றிலேயே செல்லவேண்டும். புதிய ஊரைப் பொழுது சாய்வதற்குமுன் அடையவேண்டும்.

இரண்டாவது, திரும்பிவரும் பணத்தை முதலிலேயே ஒதுக்கி, மற்றப் பணத்தோடு சேராமல் வேறாக வைக்கவேண்டும். நம் முன்னோரிடம் இல்லாதது அது ஒன்றே. அது கையிலிருக்கும்வரை நீ பயணி.

மூன்றாவது, கப்பலை நம்பி நாளைக் குறுக்கிக்கொள்ளக் கூடாது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத்தொடங்கியது. கடல் கொந்தளித்தால் ஓட்டம் நிற்கும். சுமார் நான்கு மணி நேரப் பயணந்தான். என்றாலும் போகவும் வரவும் சில நாட்களை மிகுதியாக வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் விசாவையும் முன்கூட்டியே சரிபார்த்து, அவற்றின் பிரதி ஒன்றை வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

நான்காவது, தமிழ்நாட்டில் கோயிலை அடுத்துச் சத்திரங்களும் விடுதிகளும் இன்றும் உண்டு. பெரிய கோயில்கள் பலவற்றில் 2002 முதல் அரசாங்க ஏற்பாட்டில் அன்னதானம் நடைபெறுகிறது. பசித்தால் வரிசையில் நின்று உண்ணலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் உண்ட கை சும்மா வரக்கூடாது. இயன்றதை உண்டியலில் இடு. இயலாவிட்டால் இலை எடுக்க உதவு.

ஐந்தாவது, சிக்கனம் உன்னுடைய வயிற்றிலும் உன்னுடைய வசதியிலும் இருக்கட்டும். ஏழையின் கூலியில் இருக்கவேண்டாம். சில நாடுகளில், விமானத்தில் வந்திறங்கிய செல்வநாட்டு இளைஞர் சிலர், பயணச் செலவுக்கென வீதியோரத்தில் உட்கார்ந்து அவ்வூர் ஏழைகளிடமே காசு கேட்பதாகப் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆட்டோக்காரரிடமும் பூக்காரியிடமும் ஐந்து ரூபாவுக்காக வாதாடி வென்று, அந்த வெற்றியைப் பெருமையாகப் பேசுவோரும் உண்டு. அது சிக்கனமன்று. தன் பயணச் செலவைப் பிறர் தலையில் எழுதிவைப்பதாகும். கங்காணியின் கணக்குப் புத்தகத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்பா, நீங்கள் எப்போதாவது இப்படிப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நாற்பது வயது கடந்தும் கதிர்காமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் நான் போனதில்லை. போகும் ஆசை இல்லாமலில்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால், நடந்து நடந்து ஒரு குழந்தையை வழியிலே விட்ட கதைதான் நினைவுக்கு வரும். பயணத்தை மகிழ்ச்சியாக எண்ணும் பழக்கம் எங்களுக்கு இருக்கவில்லை. அதை முதன்முதலாகக் கற்றுக்கொள்ளப் போகிறவள் அவள்.

மனைவி அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே சென்று, சிறிய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தாள். சின்னப்பாட்டனார் கப்பலேறிய நாளில் அண்ணனோடு நின்று எடுத்துக்கொண்ட படம் அதில் இருந்தது. "இத பத்திரமா கொண்டுபோய் அவங்க புள்ளைங்ககிட்ட காட்டிட்டு, பத்திரமா திருப்பிக் கொண்டா" என்றாள்.

பஸ் இரவு வேளையில் மாத்தளையைக் கடந்து வடக்கே போகும். தம்புள்ளைக்கு இப்பால் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. ஆயினும் அந்தப் பகுதியைக் கடக்கும்போது விழித்திருக்கும்படி மகளிடம் கூறியிருக்கிறேன்.